படத்தின் ஓரத்தில் ஒரு காது

நொபுயோ பழைய சுமோ படங்கள் சேர்க்கத் தொடங்கியதற்குக் காரணம் அவள் கணவர் எய்கிச்சியின் இடது காது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ரியோகோகுவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

எங்களுடையது அரிசி வில்லை சுட்டு விற்கும் கடை. எதிர்ச்சாரியில் நொபுயோ வீட்டுப் பஞ்சு மெத்தைக் கடை. அவள் அப்பா வைத்தது. ஆண் பிள்ளை இல்லாததால் எய்கிச்சி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். அவர் வந்து இறங்கிய அன்று தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தார். குனிந்ததில் இரண்டு தோளும் இடித்துக்கொண்டன. கடைசியில் பக்கவாட்டில் திரும்பி, நண்டு வளைக்குள் போவதுபோல வீட்டுக்குள் போனார்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் சுமோ பயில்வான். பதினாறு வயதில் ஒஃபுனாதோ என்ற வடக்கத்தி மீன்பிடி ஊரிலிருந்து வந்து இங்கே ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவர். குரு அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஒகினோஇவா. நடுக்கடல் பாறை என்று அர்த்தம். பாறை என்னவோ உண்மைதான், ஆனால் தள்ளினால் நகர்கிற பாறை என்று கூடத்தில் கேலி பேசுவார்களாம். சுமோவில் மேல் வரிசைக்காரர்களுக்குத்தான் சம்பளம், கீழே இருப்பவர்கள் அவர்களுக்கு எடுபிடி. சம்பளம் வாங்குகிற அந்த வரிசைக்கு அவர் ஒருநாளும் ஏறவில்லை. முழங்கால் போயிற்று, பயில்வான் குடுமியை வெட்டிக்கொண்டு விலகினார், பஞ்சு அடிக்க வந்துவிட்டார்.

அவர் பயில்வானாக இருந்ததற்கு வீட்டில் ஒரு படம்கூட இல்லை. இருந்ததையெல்லாம் அவர் அம்மா ஒஃபுனாதோ வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். எங்கோ சிலி நாட்டில் பூமி நடுங்கியதற்கு எங்கள் வடக்குக் கரையில் கடல் எழும்பி வந்த வருடம், பெட்டியும் போயிற்று, வீடும் போயிற்று. அம்மா மட்டும் மேட்டுக் கோயிலுக்கு ஓடிப் பிழைத்தாள்.

நொபுயோ அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அவள் அப்பாவின் பன்னிரண்டாம் வருட நினைவுச் சடங்கு வரைக்கும். சாப்பாட்டின்போது அவளுடைய அக்கா புருஷன், சீபாவில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவர், இரண்டு கிண்ணம் சாகே உள்ளே போனதும் ஆரம்பித்தார்.

"பயில்வான் பயில்வான்னு சொல்றீங்களே, கோதாவுல நின்ன மாதிரி ஒரு படமாவது காட்டுங்களேன். குண்டா இருக்கிறவன் எல்லாம் பயில்வான்னா எங்க ஆபீஸ்லயே நாலு பேர் இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். எய்கிச்சியும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்று நொபுயோ மறுநாள் என் கடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"கோபப்பட்டிருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன் அக்கா. சிரிச்சுக்கிட்டே அந்தாளுக்கு சாகே ஊத்திக் குடுக்கிறாரு."

அந்த வசந்த காலத்தில்தான் நானும் அவளும் தோமியோகா கோயில் வாசலில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போனோம். எனக்கு ஒரு மண்சட்டி தேவைப்பட்டது. நான் சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நொபுயோவைக் காணவில்லை. செகிமோதோ என்ற வழுக்கைத்தலைக் கிழவர் பழைய படங்களைக் கவிழ்த்த பெட்டிமேல் பரப்பி விற்பார். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு படத்தை மூக்கருகே பிடித்திருந்தாள்.

படத்தில் இருந்தவர் கஸகிதாகே. அந்தக் காலத்தில் பெரிய பட்டம் வாங்கியவர், எய்கிச்சியின் கூடத்துக்கே பெருமை தேடித் தந்தவர். மழையில் தெருவில் நடந்து வருகிறார். அவருக்குப் பின்னால் படத்தின் ஓரத்தில் எடுபிடி ஒருவன். பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே. தெரிவது ஒரு தோள், குடை பிடித்த கை, ஒரு காது.

"கஸகிதாகே வேணும்னா இதைவிட நல்ல படம் இருக்கும்மா," என்றார் செகிமோதோ. "இதுல கண்ணை மூடிட்டாரு பாருங்க. பின்னாடி வேற எவனோ பாதியா நிக்கிறான்."

"அந்தப் பாதிதான் எனக்கு வேணும்."

என்னிடம் திரும்பினாள். "அக்கா, இந்தக் காதைப் பாருங்க. கல்யாணம் ஆனதுலேருந்து இவருக்கு நான்தானே முடி வெட்டறேன். இந்தக் காதைச் சுத்தி எத்தனை தடவை கத்தரி போட்டிருப்பேன்."

பார்த்தேன். காய்ந்த காளான்போலச் சுருங்கிய காது. எய்கிச்சியுடையது மாதிரித்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனோம். எய்கிச்சி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது நீங்கதானே?"

பார்த்தார். குச்சியால் எடுத்த நூடுல்ஸ் பாதி வழியில் நின்றது. "நானில்ல."

"இந்தக் காது?"

"காது எல்லாப் பயில்வானுக்கும் இப்படித்தான் இருக்கும். இது இனோகுமாவா இருக்கும்."

"இனோகுமா யாரு?"

"கூட இருந்தவன். வாங்க அக்கா, நூடுல்ஸ் சாப்பிடறீங்களா?"

இனோகுமா என்று ஒருவர் இருப்பதை நொபுயோ நம்பவே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பேரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கூச்சத்தில் வாய்க்கு வந்த பேரைச் சொல்கிறார் என்று முடிவு கட்டினாள். படத்தைச் சட்டம் போட்டுச் சமையல்கட்டில் மாட்டினாள். காலையில் அடுப்பு பற்றவைத்ததும் அந்தத் தோளுக்கு ஒரு வணக்கம் வைப்பாள்.

அதற்கப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. கஸகிதாகே ரயிலேறுகிற படம், கெட்டது விலகக் கோயில் விழாவில் பயறு வீசுகிற படம், ஒசாகா விடுதி வாசலில் விசிறியோடு நிற்கிற படம். அவரைப்பற்றி அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. அவருக்குப் பின்னால், பக்கத்தில், கீழே யார் என்பதுதான் பேச்சு. மற்றவர்கள் ஓரம் வெட்டிய, சுத்தமான படமாகத் தேடுவார்கள். இவள் புகைப்படக்காரனுக்குக் கை நடுங்கிய படமாகத் தேடுவாள். செகிமோதோ அப்படிப்பட்டதையெல்லாம் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைக்க ஆரம்பித்தார்.

"வாங்கம்மா. இந்த மாசம் ஒரு முட்டி வந்திருக்கு. யாரோட முட்டின்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் எல்லாவற்றையும் கணவரிடம் காட்டுவாள். உட்காரப் போடும் சதுர மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு முதுகு. "நானில்ல." செருப்பைக் கையில் ஏந்தி நிற்கும் ஒரு முழங்கை. "நானில்ல, இனோகுமா." ஒரு தடவை முக்கால் முகம் பளிச்சென்று தெரிந்தது, என் வீட்டுப் பூனைகூட அது யாரென்று சொல்லிவிடும். எய்கிச்சி அதை வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சாயல் இருக்கு," என்றார். "ஆனா நானில்ல."

"உங்களைப் பெத்த அம்மா வந்து சொன்னாலும் இல்லன்னுதான் சொல்வீங்க," என்றாள் நொபுயோ.

நான்கூட அவரைத் தனியாக ஒருநாள் கேட்டேன். பஞ்சு அடித்துத் தலைமயிர் எல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். "ஆசையா எடுத்துட்டு வர்றா. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிடும்?"

அவர் கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "அதுல இருக்கிறவன் அப்படி ஒண்ணும் பார்க்கத் தகுந்தவன் இல்ல அக்கா," என்றார். பிறகு மெத்தை உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரொம்ப வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குராமாயேவில் நடந்துகொண்டிருந்த சுமோ பந்தயம் மறுபடி எங்கள் பக்கமே வந்தது. ரியோகோகுவில் புது அரங்கம் கட்டி முடித்திருந்தார்கள். எங்கள் கடைத்தெரு சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத் தலைவர் வகத்சுகி, விலாங்கு மீன் கடைக்காரர், பந்தயம் நடக்கும் நாளெல்லாம் சங்கக் கூடத்தில் பழைய சுமோ படக் கண்காட்சி வைப்பதென்று அறிவித்தார். ஊரிலிருக்கும் பெரிய சேகரிப்பாளர்கள் இரண்டு பேர் படம் தந்தார்கள். அப்படியும் உள்சுவர் ஒன்று காலியாக நின்றது. வகத்சுகி நொபுயோவிடம் வந்தார்.

அவள் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும் என்பதால் தூரிகை பிடித்துப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'எய்கிச்சியின் முதுகு, மழை நாள்.' 'எய்கிச்சியின் முழங்கை, ஒசாகா.' 'எய்கிச்சி, காது மட்டும்.'

வகத்சுகி வந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, முன்னாடி நிக்கிறது யாரு? கஸகிதாகே. அவர் பேரைப் போடாம முழங்கைக்குப் பேரு போட்டா சங்கத்தை என்ன நினைப்பாங்க?"

"அவரைத்தான் ஊருக்கே தெரியுமே தலைவரே," என்றாள் நொபுயோ. "தெரியாதவங்களுக்குத்தானே பேரு போடணும்."

சீட்டுகள் அப்படியே ஒட்டப்பட்டன.

எய்கிச்சி சங்கக் கூடத்துப் பக்கமே வரவில்லை. குளிர்கால ஆர்டர் நிறைய என்றார். கூட்டம் நன்றாக வந்தது. பந்தயத்துக்கு வந்தவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்கள். முன்சுவரில் நிற்கிறவர்கள் உள்சுவருக்கு வந்ததும் சீட்டைப் படித்துக் குழம்பி, படத்தை மறுபடி பார்த்து, அப்புறம் ஓரத்தில் தேட ஆரம்பிப்பார்கள். நொபுயோ மூலையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தயத்தின் நடுவாரம் ஒரு மத்தியானம். எய்கிச்சியைவிட ஒரு சாண் உயரமான ஆள் ஒருவர் உள்ளே வந்தார். கழுத்தில் துண்டு, கால்களில் ரப்பர் பூட்ஸ், லேசாக மீன் வாசனை. உள்சுவருக்கு வந்து 'எய்கிச்சியின் முதுகு, மழை நாள்' முன்னால் நின்றார். நின்றவர் கூரை அதிரச் சிரித்தார்.

வகத்சுகி ஓடி வந்தார். "என்ன சார், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. என் முதுகை வேற ஒருத்தர் பேர்ல மாட்டி வச்சிருக்கீங்க. அதான்."

நொபுயோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நீங்க யாரு?"

"இனோகுமாங்க. சோஷியில மீன் குளிர்கிடங்கு வச்சிருக்கேன். முன்னாடி கஸகிதாகேகிட்ட எடுபிடியா இருந்தேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நிஜமாவே ஒரு இனோகுமா இருக்காரு," என்றாள்.

நான் தெருவைக் கடந்து ஓடினேன். எய்கிச்சி அடித்துக்கொண்டிருந்த பஞ்சை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. கூடத்து வாசலில் நின்று அந்த உயரமான மனிதரைப் பார்த்தார். குடுமி வெட்டிய பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லையாம்.

"அண்ணே," என்றார் இனோகுமா. பயிற்சிக்கூடத்தில் அவர் எய்கிச்சிக்கு ஒரு வருடம் இளையவர். "அதுக்குள்ள தலை இப்படி நரைச்சுப்போச்சே."

"பஞ்சுடா பன்னி," என்றார் எய்கிச்சி. இனோகுமா என்ற பேரிலேயே காட்டுப்பன்றி இருக்கிறது.

"என் முதுகை எப்பண்ணே தூக்கிட்டுப் போனீங்க?"

"நான் தூக்கல. நான் இல்லன்னுதான் சொல்லிட்டிருக்கேன், வருஷக்கணக்கா."

"எல்லாத்துக்கும்தான் இல்லன்னீங்க," என்றாள் நொபுயோ. "எதை நான் நம்பறது?"

பிறகு இருவரும் சுவரோரமாக ஒவ்வொரு படமாக நகர்ந்தார்கள். வந்திருந்த கூட்டமும் கூடவே நகர்ந்தது. உயரமானவர் என்பதால் குடை எப்போதும் இனோகுமாவின் பொறுப்பு. கோதா ஓரத்தில் கஸகிதாகே உட்காரும் சதுர மெத்தையைத் தூக்கிப்போவது எய்கிச்சியின் பொறுப்பு. அதை வைத்துப் பிரித்தார்கள். குடை இவன், மெத்தை அவன். குடையும் இல்லாமல் மெத்தையும் இல்லாமல் வெறும் காது மட்டும் இருந்த படத்தில் தகராறு வந்துவிட்டது.

"அது நீங்கண்ணே."

"நீதான்டா."

"என் காதை எனக்குத் தெரியாதா?"

"உன் காதை நீ எங்கடா பார்த்திருக்கே? நான்தான் பார்த்திருக்கேன்."

ஒரு பெரியவர் கூட்டத்திலிருந்து கேட்டார், எப்படி இரண்டு பேர் காதும் அச்சடித்தது மாதிரி இருக்கிறது என்று.

"எப்படி இருக்காம போகும்?" என்றார் இனோகுமா. "தினமும் விடியறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும்தான் ஒருத்தரோட ஒருத்தர் மோதுவோம். எப்பவும் இடது பக்கமா. என் காதை உடைச்சது இவரு. இவர் காதை உடைச்சது நான்."

கடைசியில் கணக்குப் பார்த்தால் சுவரில் இருந்ததில் பாதிக்குமேல் இனோகுமா. சமையல்கட்டில் மாட்டியிருந்த முதல் படமும் குடைதான். நொபுயோவின் முகம் சிவந்துபோயிற்று. அவர் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மன்னிக்கணும். இத்தனை வருஷமா தினமும் காலையில உங்க தோளுக்கு வணக்கம் சொல்லிட்டிருந்திருக்கேன்."

இனோகுமா அவளைவிடக் கீழே குனிந்தார். "ரொம்ப நன்றி அண்ணி. என் தோளுக்கு வேற யாரும் சொன்னதில்ல."

அவருக்குக் கல்யாணமாகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் பந்தயத்துக்குக் கலைந்து போனதும் மூவரும் மூலையில் உட்கார்ந்தார்கள். நான் கடையிலிருந்து தேநீரும் சுடச்சுட அரிசி வில்லையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போக மனமில்லாமல் பக்கத்திலேயே இருந்தேன். அப்புறம் நொபுயோ கேட்டாள்.

"குடைக்காரர் இவரு, சரி. மெத்தை தூக்கினது நீங்கதானே. அதையும் ஏன் இல்லன்னீங்க?"

எய்கிச்சி தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையிலும் வைத்துச் சுற்றினார். "பெண் பார்க்க வந்தப்போ தரகர் உங்கப்பாகிட்ட என்ன சொன்னாரு?"

"சம்பளம் வாங்குற பயில்வானா இருந்தவர்னு சொன்னாரு."

"அது பொய். நான் திருத்தல. பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கல. அடுத்தவன் மெத்தையைத் தூக்கிட்டுப் போற படத்தை நீ கொண்டாந்து நீட்டும்போது ஆமான்னு எப்படிச் சொல்வேன்?"

நொபுயோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள்.

"அன்னைக்கே எனக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"நான் தேநீர் எடுத்துட்டு அறைக்குள்ள வந்தேன். உட்கார எனக்கு மெத்தை இல்ல. யாரும் கவனிக்கல. நீங்க எழுந்துபோய் மூலையில இருந்ததை எடுத்துட்டு வந்து, தையல் இல்லாத பக்கம் எனக்கு முன்னால வர்ற மாதிரி முறைப்படி திருப்பி, சத்தமே இல்லாம வச்சீங்க. நான் மெத்தைக் கடைக்காரன் பொண்ணு. பெரிய பயில்வானுக்கு அடுத்தவங்க போட்டுத்தான் பழக்கம், இவருக்குப் போட்டுப் பழக்கம்னு அப்பவே நினைச்சேன். தரகர் பொய் சொல்றாருன்னு அப்பாகிட்டயும் சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"உனக்கு என்ன வேணும்னு கேட்டாரு. மெத்தை போட்டவர் போதும்னேன்."

எய்கிச்சி புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இனோகுமா எழுந்து ஏதோ படத்தைப் பார்க்கப் போகிறவர்போல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கண்காட்சி முடிந்ததும் குடைப் படங்கள் எல்லாவற்றையும் நொபுயோ இனோகுமாவிடம் கொடுக்கப் பார்த்தாள். அவர் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார், குளிர்கிடங்கில் மாட்ட. மற்றது அண்ணியிடமே இருக்கட்டும், அங்கே வைத்தால் உறைந்துபோகும் என்றார். பேர் தவறிய சீட்டுகளுக்குப் பதில் நான் புதுச்சீட்டு எழுதினேன். சமையல்கட்டுப் படம் இடம் மாறவில்லை. அந்தத் தோள் பழகிவிட்டது, இனி இறக்கினால் சுவர் மொட்டையாகத் தெரியும் என்றாள். இனோகுமா பந்தயத்துக்குப் பந்தயம் சோஷியிலிருந்து ஒரு பெட்டி கானாங்கெளுத்தியோடு வருகிறார். பாதி எங்கள் வீட்டுக்கும் வந்துவிடும்.

அதற்குப் பிறகு எய்கிச்சியும் தோமியோகா சந்தைக்கு வர ஆரம்பித்தார். அவருக்கு ஒரு ஞாபகசக்தி இருக்கிறதென்பது எங்கள் யாருக்கும் தெரியாமலிருந்தது. படத்தின் ஓரத்தில் நிற்கிற ஆட்களின் பேர், ஊர், யாருக்குக் குறட்டை, யாருக்கு வீட்டு ஏக்கம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்வார், நொபுயோ படத்தின் பின்பக்கம் கோழிக் கிறுக்கலில் பென்சிலால் எழுதுவாள். கஸகிதாகே இல்லாத படங்களும் சேர்ந்தன. எங்கிருந்தோ எப்படியோ கேள்விப்பட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்பா, மாமா, தாத்தா, யாரோ ஒருவர் பயில்வானாக இருந்து மேலே வராமல் போனவர், ஒரு படம் கிடைக்குமா என்று. பலரை வெறுங்கையோடுதான் அனுப்ப வேண்டியிருந்தது.

போன மாதம் நீகாதாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அம்மா பிறப்பதற்கு முன்பே இறந்துபோன தாத்தாவைத் தேடி வந்திருந்தாள். பட்டப்பெயர் மட்டும் தெரியும். எய்கிச்சி இரண்டு டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். அவருடைய பயிற்சிக்கூடத்துச் சமையலறையில் எடுத்த படம் அகப்பட்டது. நடுவில் யாரோ ஒரு பட்டக்காரர் கிண்ணம் ஏந்தி நிற்கிறார். பின்னால் ஆவிக்குள் பானையைக் கிளறிக்கொண்டிருக்கிறார் ஒல்லியான ஒருவர்.

"இவருதான். நான் சேர்ந்தப்போ இவர்தான் சமையல் பொறுப்பு."

அந்தப் பெண் படத்தைத் தொடாமல், மடிமேல் கையை வைத்துக்கொண்டே பார்த்தாள். "எப்படிப்பட்டவரா இருந்தாரு?"

எய்கிச்சி யோசித்தார். "நல்ல மனுஷன். வயிறு நிறையப் போடுவாரு. ஆனா எதுலயும் உப்பு ஜாஸ்தி. எத்தனை திட்டினாலும் கை குறையாது."

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான்," என்றாள் அவள். "நாங்க எவ்வளவோ சொல்லியாச்சு." அப்புறம் கைக்குட்டையைத் தேடினாள். நொபுயோ அடுப்பில் தண்ணீர் வைக்க உள்ளே போனாள்.